வரிக்கு வைத்த மொய்

வரிக் கந்தோருக்கே மொய் வைத்த பெண் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாதம் முந்நூறு பிராங் வரிக்காசு கட்டினால் போதும் என்றால் நான் முந்நூற்றொன்று கட்டுவேன். சைபரில் முடிகிற காசு அதோடு முடிந்துபோகும், மேலே ஒன்று வைத்தால்தான் வளரும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கலியாண வீட்டுக்கு நூற்றொன்று வைப்பவர்கள் வரிக்கு மட்டும் ஏன் குறைக்கவேண்டும்? வரி வளர்ந்து யாருக்கு என்ன லாபம் என்று என் கணவர் பிருந்தன் கேட்பார். சிநேகிதர்கள் வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். நானும் கூட இருந்து சிரிப்பேன்.

கலியாணமாகி, பேர்ண் நகருக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கு அதுதான். வாடகை அவர், வரி நான். அவர் பேர்ணில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்தார். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ரெஸ்ரோறன்ற் கைமாறி அவருக்கு வேலை போனபோது வாடகையும் என் தலையில் வந்தது. அப்போதும் வரியை நான் விடவில்லை. இந்த நாட்டில் புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வரிதான் வரும். கட்டாமல் விட்டால் இரண்டு பேரின் கழுத்திலும் பிடிப்பார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் வருமானம் குறைந்ததைக்கூட அளக்காமல் பழைய கணக்குப்படியே போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு வருசக் கணக்கை ஒன்றாக முடித்தபோது, ஐயாயிரத்து நானூறு பிராங் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள், திரும்பித் தருகிறோம் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். எனக்கு ஒரு ஆசை இருந்தது. நோயாளரைப் பராமரிக்கிற உதவியாளர் படிப்பு ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம் இரண்டாயிரத்து அறுநூறு. பத்து வருசமாக நான் ஆஸ்பத்திரித் தரையைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். கட்டிலில் கிடக்கிற கிழவி தண்ணீர் கேட்டால்கூட, மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, அதற்கென்று இருக்கிற ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும். கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அந்த அனுமதிதான் எனக்கு வேண்டும். வருகிற காசில் பாதி என் படிப்புக்கு, மற்றப் பாதி வீட்டுக்கு என்று பிருந்தனிடம் சொன்னேன். அவர் கதவில் இருந்த கடிதத்தைப் பார்த்தபடி, "பாப்பம்" என்றார்.

வரிக்காசு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பெற்றைபுங் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. கடனை அறவிடுகிற அரசாங்க அலுவலகம் அது. எங்கள் ஆட்களுக்குப் பொலிஸைவிட அந்தப் பெயருக்குத்தான் பயம். அதில் ஒருமுறை பெயர் விழுந்தால் வீடும் எடுக்க ஏலாது, வேலையும் யோசித்துத்தான் தருவார்கள். தபால்பெட்டித் திறப்பு எப்போதும் பிருந்தனிடம்தான் இருக்கும். அன்றைக்கு அவர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதால் திறப்பு என்னிடம் அகப்பட்டது. பிருந்தனின் கடனுக்காக எங்கள் வரிக்காசை முழுதாக மறித்து வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. கடன் ஒன்பதாயிரம். கடன் கொடுத்தவர் கஜலக்சுமி.

கஜலக்சுமி அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு தெரு தள்ளி இருக்கிறா. என் ஆஸ்பத்திரியிலேயே சலவைப் பகுதியில் வேலை, புருசன் இல்லை, வருசக்கணக்காகச் சீட்டுப் பிடிக்கிறா. இருபது பேர், ஆளுக்கு மாதம் அறுநூறு, மாதம் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம். துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். பிருந்தனுக்குக் குலுக்கலில் தொடக்கத்திலேயே சீட்டு விழுந்தது எனக்குத் தெரியும். அந்தக் காசு பீல் நகரில் ஒரு சிநேகிதனின் பலசரக்குக் கடைக்குப் போனதும் தெரியும். கடை பூட்டியதும் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: அதன்பிறகு அவர் சீட்டுக்காசு கட்டுவதை நிறுத்திவிட்டார். சீட்டுப் பிடிக்கிறவள் விலகிப் போக முடியாது. அவர் கட்டாத அறுநூறை மாதா மாதம் அக்கா தன் சம்பளத்தில் இருந்து போட்டிருக்கிறா.

பின்னேரம் அவர் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். வரிக்காசு வரப்போகிறது என்று அக்காவுக்குச் சொன்னதே தான்தான் என்றும் சொன்னார். அது வந்தவுடனே முழுக்க உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தாராம். அக்கா வாக்கை நம்பி ஏற்கெனவே சூடுபட்டவ. கந்தோருக்கும் போய்ப் பதிந்துவிட்டா; இவரும் கடன் இல்லையென்று மறுக்கவில்லை. பிருந்தனுக்குப் பிறகு கிடைத்த அரைநேர வேலையின் சம்பளம் சட்டப்படி கைவைக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஆகவே கந்தோர் வரிக்காசில் கை வைத்துவிட்டது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேங்காய்க்காரியாக நான் நின்றது அன்றைக்குத்தான். கத்தினேன். மகள் அக்‌ஷயா அறைக்குள் ஓடிப்போனாள். நான் குனிந்து நிமிர்ந்து உழைத்த காசை யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பானையில தின்னுற ஆக்களுக்குள்ள என்ன உம்மட காசு, என்ர காசு?" என்றார்.

நல்ல கேள்விதான். வாடகை நான் கட்டத் தொடங்கியபோது யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த லீவு நாளில் பத்தாம் நம்பர் பஸ் எடுத்துக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெடியனுக்கு என் டொச் பாசையும் எனக்கு அவனுடைய டொச்சும் அரைகுறையாக விளங்கின. ஆனாலும் பொறுமையாகச் சொன்னான். கடன் என் கணவரின் பெயரில் மட்டும்தான். வரிக்காசோ இரண்டு பேருடையது. என் பங்கு எனக்கு வேண்டுமென்றால் நான் எழுதிக் கேட்கவேண்டும். கேட்டால் கந்தோர் அதைக் கடன் கொடுத்தவருக்கும் கணவருக்கும் அறிவிக்கும். குறித்த நாட்களுக்குள் அவர்கள் இரண்டு பேரும் மறுக்காமல் இருந்தால் பாதி எனக்கு. யாராவது மறுத்தால் நான் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வாங்கவேண்டும். கணவரும் மறுக்கலாமா என்று கேட்டேன். சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வழமையாக அப்படி நடப்பதில்லை என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் பயமெல்லாம் கஜலக்சுமி அக்காவில்தான் இருந்தது.

அன்று பின்னேரமே அக்கா வீட்டுக்குப் போனேன். படிப்புக்குப் பணம் கட்டவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அக்கா வேலையால் வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்தா. வீங்கிய கால். இருக்கச் சொன்னா. நான் பாதியைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் மறுக்காமல் இருந்தால் போதும் என்று சொன்னேன். அவருடைய பாதி முழுக்க உங்களுக்குத்தான், மிச்சக் கடனும் அவர் தரத்தான் வேண்டும், அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

அக்கா அவசரப்படவில்லை. துவாயால் ஒரு காலைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தா.

"அவரின்ர கடன் எண்டு சொல்லுறீர். நான் காசை அவரிட்டயோ குடுத்தனான்?"

எனக்கு முகம் சுட்டது. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டு விழுந்தது யாருக்கு என்றாலும் காசைக் கொண்டுவந்து அந்த வீட்டுப் பெண்ணின் கையில்தான் கொடுப்பா. ஆம்பிளை கையில் கொடுத்தால் காசு வாசல் தாண்டும், பொம்பிளை கையில் கொடுத்தால் தங்கும் என்பா. அன்றைக்கும் அப்படித்தான் வெள்ளிக்கிழமை பார்த்து வந்தா. நான் முழுகி விளக்கேற்றி இருந்தேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டேன். அக்காவுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன்.

"அதுக்கு நான் சாட்சி, சாமி சாட்சி," என்றா அக்கா. "இப்ப கந்தோரில போய் எனக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தம் இல்லையெண்டு எழுதிக் குடுத்திருக்கிறீர். எழுத்தில அது சரியா இருக்கும். என்ர முகத்தைப் பாத்து அதைச் சொல்லும் பாப்பம்."

அக்கா பொய் சொல்லவில்லையே. மாதாமாதம் இன்னொருத்தன் கடனைத் தன் வீங்கிய காலால் கட்டுகிறவ முன்னால் எனக்குச் சட்டம் பேச வாய் வரவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் மனம் வரவில்லை. இந்த முறை விட்டால் பிறகு தரையைத் துடைத்தே நான் கிழவியாகிவிடுவேன் என்று தெரியும். அப்போதுதான் அந்தக் குற்றி ஞாபகம் வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பிராங் நாணயக் குற்றியையும் அக்கா அன்றைக்கு வைத்துத் தந்திருந்தா. இது சீட்டில் சேராது பிள்ளை, இது உமக்கு என்று சொல்லித் தந்தது. அடுத்த நாள் காலையில் பிருந்தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு பீலுக்கு ரயில் ஏறினார். குற்றியை அவர் தொடவில்லை.

"ஓம் அக்கா, என்ர கையிலதான் தந்தனீங்கள்," என்றேன். "ஒரு இரவு என்ர வீட்டில கிடந்தது. அதில என்ர கையில நிண்டது நீங்கள் மேல வைச்ச அந்த ஒரு பிராங் மட்டும்தான். அது இப்பவும் சாமித்தட்டில கிடக்கு. வந்து பாருங்கோ."

அக்கா மற்றக் காலையும் துடைத்தா. பிறகு தண்ணீர்ச் சட்டியைத் தூக்கப் போனா. நான் வாங்கிக்கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன். மறுப்பேன் என்றும் சொல்லவில்லை, மறுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, இருட்டுகிறது, கவனமாகப் போம் என்று மட்டும் சொன்னா.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பெரிய அவதி. சலவைத் துணி வண்டி எங்கள் மாடிக்கு வரும்போதெல்லாம் அக்கா வருகிறாவோ என்று பார்ப்பேன். கண்டால் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுப் போவோம். வீட்டில் பிருந்தனோ என்றுமில்லாத அன்பாக இருந்தார். நான் வேலையால் வரும்போது தேத்தண்ணி மேசையில் இருக்கும். அக்‌ஷயாவைக் கிண்டர்கார்ட்டனில் இருந்து கூட்டிவந்து சோறும் தீத்தியிருப்பார். தபாலும் நேரத்துக்கு மேசைக்கு வந்தது. மனிதர் திருந்திவிட்டார், தன் பிழை விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம் என்றுகூட ஒருநாள் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார்.

கந்தோரின் கடிதம் வந்தது. என் உரிமையை மறுத்திருக்கிறார்கள், இருபது நாட்களுக்குள் வழக்குப் போடவேண்டும் என்றிருந்தது. கோபத்தில் எனக்குக் கண் மங்கிப்போய்விட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகப் படி இறங்கினேன். கீழ்ப்படியில் நின்றுதான் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். மறுத்தவரின் கையெழுத்து அதில் இருந்தது. பதினொரு வருசமாக நான் பார்க்கிற கையெழுத்து. கலியாணப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். மேல்வீட்டுக்காரி சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் மறுக்கேல்லப் பிள்ளை," என்றா. "உம்மட கையில நிண்டது ஒரு பிராங் எண்டு சொன்னீரெல்லோ, அதுக்குப் பிறகு எனக்கு மனம் வரேல்ல. மிச்சத்தை அவரிட்ட நான் எப்பிடியும் வாங்குவன், அது வேற."

பிருந்தன் வந்ததும் நான் கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நிறையக் கதைத்தார். அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கோயிலில் அக்காவின் முகத்தில் விழிக்க ஏலாமல் இருக்கிறது. அந்தக் கந்தோர்க் கடிதத்தில் என்னை 'மூன்றாம் ஆள்' என்று எழுதியிருந்ததாம். அதைப் பார்த்ததும் தாங்கமுடியவில்லையாம். என் பெண்சாதி எனக்கு மூன்றாம் ஆள் என்றால் நான் யார் என்று கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. தன் மானத்துக்காக அழ அவருக்குத் தெரிந்திருந்தது; அந்த மானத்துக்கு விலை நான் கொடுக்கிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா மறுக்கேல்ல," என்றேன். "நீங்கள்தான் மறுத்தனீங்கள்."

அவர் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. கடிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆனால் மறுப்பைத் திரும்ப வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. நான் நாலைந்து நாள் பார்த்தேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது இன்னொரு மானக்கேடு என்று நினைத்திருப்பார். பிறகு நான் வழக்குப் போட்டேன். நீதிமன்றத்துக்கு முற்பணம் கேட்டார்கள். என் காசை என் காசு என்று சொல்வதற்கும் காசு. லீவு நாட்களில் மேலதிக வேலை செய்து கட்டினேன். படிப்புக்காரர்களுக்குப் போன் எடுத்து நிலைமையைச் சொன்னபோது, இடத்தை அடுத்த தொகுதிக்கு மாற்றித் தருவோம், அதற்குமேல் ஏலாது என்றார்கள். வழக்குக் கடதாசியில் எதிராளியின் விலாசம் எழுதவேண்டிய இடத்தில் என் விலாசத்தையே எழுதினேன்.

அழைப்பு வந்த அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். வேறு என்ன செய்வது, பஸ் ஒன்றுதானே. அக்‌ஷயாவைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு வந்து, வீட்டைப் பூட்டி, திறப்பை அவர் சட்டைப் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்த ஆள் ஒருவர் கண்டுவிட்டு, சோடியாக எங்கே பயணம் என்று சிரித்தார். பேர்ணுக்கு என்று பிருந்தன் சொன்னார்.

நீதிபதி என் வயதுப் பெண். சின்ன அறை, நீளமான மேசை, தண்ணீர்க் கிளாஸ். நான் கொடுத்திருந்த வங்கிக் கணக்கை விரித்து வைத்திருந்தா. வரிக்குப் போன காசெல்லாம் மாதம் மாதமாக அதில் இருந்தது. பிருந்தனைப் பார்த்து, இதைக் கட்டியது யார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டா. அவர் குடும்பக் காசு என்று தொடங்கினார். நீதிபதி ஒரு நிமிசம் என்று சொல்லிவிட்டு, இன்னொன்று கேட்டா. அது வழக்குக்குத் தேவையான கேள்வியா என்றுகூட எனக்குத் தெரியாது. கணக்கைப் பார்த்து அவவுக்கே விளங்காமல் இருந்திருக்கவேண்டும். ஏன் எல்லாத் தொகையும் ஒன்றில் முடிகிறது என்று கேட்டா.

பிருந்தன் கணக்கை எடுத்துப் பார்த்தார். முந்நூற்றொன்று. முந்நூற்றொன்று. முந்நூற்றொன்று. பக்கத்தைத் திருப்பினார், அங்கேயும் அதுதான். தனக்கு வேலை போன மாதத்திலும் அதுதான். எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்த கதை. இந்த முறை அதைச் சொல்ல அவருக்கு நேரம் எடுத்தது. அது எங்கள் ஆட்களின் வழக்கம், காசு வளரவேண்டும் என்று ஒன்று கூட வைப்பார்கள் என்று டொச்சில் சொன்னார். வரிக்கும் அப்படி வைத்துக் கட்டுகிற ஆள் எங்கள் வீட்டில் என் மனைவி மட்டும்தான் என்றார். பிறகு கடதாசியை மேசையில் வைத்துவிட்டு, இனி நான் மறுக்கவில்லை என்றார். மேசையைப் பார்த்தே சொன்னார். இன்னொருமுறை சொல்லும்படி நீதிபதி கேட்டா. இன்னொருமுறை சொன்னார்.

பாதி எனக்கு என்று எழுதினார்கள். மற்றப் பாதி அக்காவுக்குப் போகும். பிருந்தனும் தன் வாக்கில் பாதியைக் காப்பாற்றினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையை மாட்டிவிட்டு முதலாம் பிள்ளையாக வந்தது போல இருந்தது. ஆனால் அந்தக் காசை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பஸ் தரிப்புக்கு ஒன்று முந்தித்தான் என்னிடம் திரும்பினார்.

"இனி உம்மட காசு வேற, என்ர காசு வேறதானோ?"

இல்லை என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. பதினொரு வருசம் அப்படித்தானே இருந்தேன்.

"ஓம்," என்றேன்.

அழுகை வந்தது. அவர் பார்க்காமல் இறங்கினேன். அன்று பின்னேரமே மேலதிக வேலையில் மிஞ்சியதையும், தீர்ப்பைக் காட்டி வேலையிடத்தில் ஒருத்தியிடம் கடனாக வாங்கியதையும் வைத்துக் கட்டணத்தைக் கட்டினேன். வரிக்காசு வந்ததும் கடனை அடைக்கலாம். பிறகு சமைத்தேன். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். அக்‌ஷயாவுக்கு முதலில் கொடுத்தேன். பிருந்தன் குசினிக்குள் வந்து, என் கையால் வாங்காமல், தானே பானையில் இருந்து தன் தட்டில் சோறு போட்டார். என் தட்டிலும் போட்டு மேசையில் வைத்தார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்து சாப்பிட்டார். அப்பா ஏன் அங்கே இருந்து சாப்பிடுகிறார் என்று அக்‌ஷயா கேட்டாள். சோறு ஆறுகிறது, நீ சாப்பிடு என்றேன்.